பங்காளியா, மச்சானா? ஒய் குரோமோசோம் சோதனைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அப்பா, அவருடைய இரண்டு மகன்கள், சித்தப்பா மகன் ஒருவன், கூடவே மூத்த மகளைக் கட்டிய மருமகன் என ஐந்து பேர் இருக்கிறார்கள். படகு திரும்பவில்லை. மூன்று வாரம் கழித்து அடையாளம் தெரியாத ஓர் உடல் கரை ஒதுங்குகிறது. முகம் இல்லை, உடுப்பும் இல்லை.

ஒய் குரோமோசோம் சோதனை அந்த உடலைப் பற்றி என்ன சொல்லும்? முதல் நான்கு பேரில் ஒருவராக இருக்கலாம் என்று சொல்லலாம், அல்லது அந்த நால்வரில் எவரும் இல்லை என்று சொல்லலாம். நால்வரில் யார் என்று மட்டும் அது சொல்லாது. புதிதாக வரும் எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். தடயவியல் படிக்கும் பிள்ளைகள், புதிதாகப் பணியில் சேர்ந்த காவலர்கள், இளம் வழக்கறிஞர்கள், காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்குத் துணையாக ஓடும் ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி ஊர்களில் பல உடல்களை ஒரே குழியில் அடக்கம் செய்ய வேண்டிவந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது, கேரளக் கரையில் சேர்ந்த பல உடல்களை டிஎன்ஏ சோதனை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். வீட்டு வாசலில் போட்டோவோடு காத்திருந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அதனால்தான் இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே நிறையப் பேர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அடிப்படை

ஆணிடம் ஓர் எக்ஸ், ஓர் ஒய். பெண்ணிடம் இரண்டு எக்ஸ். ஒய் குரோமோசோமில் சுமார் 6 கோடி டிஎன்ஏ எழுத்துகள் உள்ளன. அதன் இரு நுனிகளைத் தவிர, ஏறத்தாழ 95 சதவீதம் வேறு எதனோடும் கலப்பதில்லை. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து மகனுக்கும் அப்படியே இறங்கும். மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு போலக் குலுக்கப்படுகின்றன. ஒய் மட்டும் குலுங்காது.

அந்த ஒய்யில் சில இடங்களில் சிறு துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். மிருதங்கச் சொல்லில் சொன்னால் 'தகதிமி தகதிமி தகதிமி' என்று நான்கு எழுத்துக் கோர்வை அடுக்கடுக்காக நிற்கும். ஒருவர் உடலில் அது 13 தடவை, இன்னொருவர் உடலில் 14 தடவை. இந்த எண்ணிக்கைதான் மார்க்கர். ஒய்-எஸ்டிஆர் என்று ஆய்வகத்தில் சொல்வார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் டிஒய்எஸ்19, டிஒய்எஸ்390 என்பதுபோல் பெயர் உண்டு. இவற்றில் டிஒய்எஸ்19 என்பதை 1992இல் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்ஸ் ரோவரும் ஜோர்க் எப்லனும் தடய வேலைக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். ஆரம்பத்தில் ஒன்பது இடங்களைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. பிறகு 17 ஆனது, 23 ஆனது, இப்போது 27 மார்க்கர் பார்க்கும் கிட்களும் இருக்கின்றன. எல்லா இடங்களின் எண்களையும் வரிசையாக எழுதினால் கிடைப்பது ஹாப்லோடைப். அதை ஆளின் கைரேகை என்று நினைக்காதீர்கள். அது ஒரு தகப்பன் வழியின் இனிஷியல்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பங்காளி என்ற சொல்லே ஒய் குரோமோசோமின் எல்லையைக் காட்டிவிடுகிறது. பங்காளிகள் (தெற்கே சொக்காரர் என்றும் சொல்வோம்) எல்லோரிடமும் ஒரே ஒய். மாமன், மச்சான், மருமகன் என்றால் வேறு ஒய்.

முதல் படி: குடும்பப் படம் வரையுங்கள்

பஞ்சுக்குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு தாள் எடுங்கள். காணாமல் போனவரை நடுவில் எழுதி, மேலே அப்பா, தாத்தா, பக்கத்தில் அண்ணன் தம்பி, கீழே மகன் என்று கோடு போடுங்கள். ஆண் வழியாக மட்டுமே போகிற கோட்டைச் சிவப்பில் வரையுங்கள். அந்தச் சிவப்புக் கோட்டில் உயிரோடு இருக்கும் எவரும் ஒய் சோதனைக்கு ஆகும். தாத்தாவின் தம்பி பேரன்கூட ஆவான்.

இங்கே உறவுச் சொல் உங்களை ஏமாற்றும். 'இவன் என் தம்பி' என்று ஒருவர் சொன்னால் அது கூடப்பிறந்த தம்பியாக இருக்கலாம், சித்தப்பா மகனாக இருக்கலாம், சித்தி மகனாகவும் இருக்கலாம். நமக்கு மூவரும் தம்பிதான். ஒய்க்கு அப்படி இல்லை. சித்தப்பா மகன் பங்காளி, சித்தி மகன் வேறு வழி. வேலைக்கு வந்த புதிதில் நான் இதில் மாட்டினேன். தம்பி என்று வந்தவரிடம் மாதிரி எடுத்தோம், எதுவும் ஒத்துப்போகவில்லை. ஆள் இவர் இல்லை என்று எழுதுகிற நிலைக்கு வந்துவிட்டோம். அப்புறம் அவருடைய அம்மா பேச்சுவாக்கில் காணாமல் போனவரை 'என் அக்கா பையன்' என்று சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. அன்று முதல் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'அம்மா, இவரோட அப்பாவும் அவரோட அப்பாவும் கூடப்பிறந்தவங்களா, இல்ல ரெண்டு பேரோட அம்மாவும் அக்கா தங்கச்சியா?' இப்படிக் கேட்டால் குழப்பம் வராது.

வீட்டுப்பெயரையும் நம்பிவிடாதீர்கள். நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி இருந்த குடும்பங்களில் தறவாட்டுப் பெயர் தாய் வழியில் வந்தது. ஒரே வீட்டுப்பெயர் உள்ள இரண்டு ஆண்களுக்கு ஒரே ஒய் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. தத்துப் பிள்ளை இருக்கிறாரா என்பதையும் கேட்க வேண்டும். ஆனால் கூட்டத்தில் கேட்கக் கூடாது. தனியாக உட்காரவைத்து, காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் படி: யாரிடம் மாதிரி எடுப்பது

காணாமல் போனவரின் அப்பா அம்மா இருவரும் இருந்தால் அவர்கள்தான் முதல் தேர்வு. இல்லையென்றால் மனைவியும் பிள்ளைகளும். இவர்களைக் கொண்டு செய்வது, மற்ற குரோமோசோம்களில் இதே மாதிரி இடங்களைப் பார்க்கும் சாதாரண எஸ்டிஆர் சோதனை. அதுதான் ஆளைச் சுட்டும். இந்த உறவுகள் யாரும் இல்லாதபோதுதான் ஒய்யின் மதிப்பு தெரியும். ஒரு சித்தப்பா மட்டுமே மிஞ்சியிருக்கிறார் என்று வையுங்கள். சாதாரண சோதனையில் சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் பொதுவானது கால் பங்குதான், அதை வைத்து உறுதியாகப் பேச முடியாது. ஒய்யோ இருவருக்கும் ஒன்றே. மகள் மட்டும் இருக்கும் வீட்டில் அவளிடம் ஒய் கிடையாது. அங்கே மகளும் அவளுடைய அம்மாவும் சாதாரண சோதனைக்குக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பங்காளியும் வந்தால் இன்னும் நல்லது.

படகில் ஒரே வீட்டு ஆண்கள் பலர் போயிருந்தால் ஒவ்வொருவரின் மனைவி பிள்ளைகளிடமும் தனித்தனியாக மாதிரி வாங்குங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதிலும் சிக்கலான நிலை ஒன்று உண்டு. மணமாகாத அண்ணன் தம்பி இருவரும் போயிருந்தால், அப்பா அம்மாவின் டிஎன்ஏவை வைத்து அவர்களைப் பிரிக்கவே முடியாது. இருவரும் அதே பெற்றோரின் மக்கள் என்றுதான் முடிவு வரும். அப்போது அவரவர் பயன்படுத்திய பொருள்தான் கைகொடுக்கும். பல் தேய்த்த பிரஷ், சவரக் கத்தி, துவைக்காத தொப்பி ஆகியவற்றைக் கேளுங்கள். வீட்டில் துக்கத்தோடு துக்கமாக எல்லாவற்றையும் கழுவி எடுத்து வைத்துவிடுவார்கள். ஆகவே முதல் நாளே போய் 'பிரஷ்ஷைத் தொடாதீங்க, அப்படியே வையுங்க' என்று சொல்லிவிடுங்கள். பல் கட்டியது, எலும்பு முறிந்து கம்பி வைத்தது, பச்சை குத்தியது, வயது, உயரம் எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். கடைசியில் அண்ணனையும் தம்பியையும் பிரித்துக் காட்டுவது காலில் இருந்த ஒரு கம்பியாக இருக்கலாம்.

உறவினரிடம் மாதிரி எடுப்பது எளிது. வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்தால் போதும். இரு கன்னத்துக்கும் தனித்தனிக் குச்சி. அல்லது செவிலியர் இரத்தம் எடுத்து, இரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ கலந்த ஊதா மூடிக் குப்பியில் வைக்கலாம். எழுத்தில் சம்மதம் வாங்குவதை மறக்காதீர்கள். எதற்கு எடுக்கிறோம் என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: உடலிலிருந்து

அடையாளம் தெரியாத உடல் என்றால் காவல் நிலையத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் விசாரணை தொடங்கும். முன்பு 174 என்று சொன்னோமே, அதுதான். பிரேதப் பரிசோதனை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் நடக்கும். டிஎன்ஏவுக்கு மாதிரி வேண்டும் என்று கோரிக்கைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். உடல் மண்ணுக்குள் போன பிறகு கேட்டால் தோண்டி எடுக்கும் உத்தரவுக்கு அலைய வேண்டும்.

பல நாள் கடலில் கிடந்த உடலில் இரத்தம் உதவாது, தசையும் அழுகியிருக்கும். தொடை எலும்பின் நடுப்பகுதியும், சொத்தை இல்லாத இரண்டு மூன்று கடைவாய்ப் பற்களும் கேளுங்கள். உயிரணுக்களைக் கடல்நீரிலிருந்தும் கிருமியிலிருந்தும் எலும்பும் பல்லும்தான் கெட்டியாகக் காத்து வைத்திருக்கும். ஃபார்மலினில் மட்டும் போடவிடாதீர்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைப் பிணைத்து உடைத்துவிடும். வேறு பரிசோதனைக்கு ஃபார்மலினில் வைத்துப் பழகிய கை, இதையும் பழக்கத்தில் அதிலேயே போட்டுவிடும். ஒரு மருத்துவமனையில் இப்படி வந்த எலும்புத் துண்டோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

நான்காம் படி: உலர்த்து, காகிதத்தில் வை, சீல் வை

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், கடற்காற்றும் உண்டு. ஈரமான பஞ்சுக்குச்சியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். நிழலில், மின்விசிறிக்குக் கீழே நேரடியாக இல்லாமல், நன்றாக உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், புற ஊதாக் கதிர் டிஎன்ஏவை அரிக்கும். எடுத்தவர் பெயர், தேதி, நேரம், யாருடையது, என்ன உறவு என்பதையெல்லாம் உறையின் மேல் எழுதுங்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் கையெழுத்து வேண்டும். நீதிமன்றத்தில் டிஎன்ஏ அறிக்கை விழுவது பெரும்பாலும் அறிவியலால் அல்ல, இந்த உறையில் விடுபட்ட ஒரு கையெழுத்தால். ஒரே மேசையில் உடலின் எலும்பையும் உறவினரின் குச்சியையும் கட்டாதீர்கள். ஒரு நாள் தள்ளியாவது செய்யுங்கள்.

மாதிரி எடுத்த ஆண்கள், அதாவது மருத்துவர், காவலர், பிணவறை ஊழியர் ஆகியோரின் ஒய் மாதிரியையும் ஒப்பீட்டுக்கு வைத்திருப்பது நல்லது. அவர்களுடையது கலந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: ஆய்வகத்துக்குள் நடப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பைப் பொடியாக்கி டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். எவ்வளவு இருக்கிறது, அதில் ஆணுடையது எவ்வளவு என்று அளப்பார்கள். பிசிஆர் கருவியில் குறித்த இடங்களை மட்டும் பெருக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால் 30 சுற்றில் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் ஆகும். பிறகு மெல்லிய குழாயில் ஓடவிட்டு, துண்டுகளின் நீளத்தை வைத்து எத்தனை 'தகதிமி' என்று எண்ணுவார்கள். தாளில் மலை மலையாக முகடுகள் வரும். பெரும்பாலான மார்க்கரில் ஓர் ஆணுக்கு ஒரே முகடுதான். டிஒய்எஸ்385 போன்ற ஒன்றிரண்டு மார்க்கர்கள் இரண்டு இடங்களில் இருப்பதால் இரண்டு முகடு வரலாம். அதைக் கண்டு இரண்டு ஆள் என்று பதறாதீர்கள்.

ஒரு தகவலை இங்கே சேர்க்க வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்க்க அமெலோஜெனின் என்ற இடத்தைப் பார்ப்பது வழக்கம். இந்திய ஆண்கள் சிலரிடம் ஒய்யில் அந்த இடமே விடுபட்டிருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் 2002இல் இதைக் காட்டினார்கள். ஆகவே அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்து 'இது பெண்' என்று முடிவு கட்டக் கூடாது. ஒய்-எஸ்டிஆர் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஆறாம் படி: அறிக்கையைப் படிப்பது

நிறையப் பேர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகிறார்கள். எண்கள் உள்ள அட்டவணையைப் பாருங்கள். உடலின் எண்களும் சித்தப்பாவின் எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்று நிலை வரலாம்.

எல்லாம் ஒன்று என்றால், ஒரே தகப்பன் வழியாக இருக்கலாம் என்று பொருள். அதற்கு மேல் எதுவும் இல்லை.

பல இடங்களில் வேறு என்றால் அந்த வழி இல்லை. ஒய் சோதனை ஒத்துப்போனால் அடக்கமாகத்தான் பேசும், ஒத்துப்போகாவிட்டால் அடித்துப் பேசும்.

ஓர் இடத்தில் மட்டும் ஒரு படி வேறு, அதாவது உடலில் 12, சித்தப்பாவிடம் 11 என்று வந்தால் அவசரப்படாதீர்கள். அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும்போது ஒரு மார்க்கருக்கு ஆயிரத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு 'தகதிமி' கூடும் அல்லது குறையும். சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் நடுவே மூன்று இறக்கம் இருக்கிறது: தாத்தாவிடமிருந்து அப்பா, அப்பாவிடமிருந்து மகன், தாத்தாவிடமிருந்து சித்தப்பா. மூன்றை 23 மார்க்கரால் பெருக்கினால் 69 வாய்ப்பு. கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆறில் ஒரு குடும்பத்தில் எங்காவது ஒரு மாற்றம் வரத்தான் செய்யும். ஒற்றை மாற்றத்தைக் காட்டி ஒரு தாயிடம் 'இது உங்க பையன் இல்ல' என்று சொல்லிவிட்டால் அது எவ்வளவு பெரிய தவறு!

ஏழாம் படி: எண்ணின் எடை

சாதாரண எஸ்டிஆரில் ஒவ்வோர் இடத்தின் விகிதத்தையும் பெருக்கிக்கொண்டே போகலாம், கோடி கோடியில் ஒருவர் என்று வரும். ஒய்யில் அப்படிப் பெருக்கக் கூடாது. எல்லா மார்க்கரும் ஒரே கயிற்றில் கட்டியவை, ஒன்றாகவே இறங்குபவை. ஆகவே அந்த ஹாப்லோடைப் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று, பலருடைய ஹாப்லோடைப்களைச் சேர்த்து வைத்த தொகுப்பில் எண்ணித்தான் பார்க்க வேண்டும். பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையிலிருந்து நடக்கும் ஒய்எச்ஆர்டி என்ற உலகத் தொகுப்பில் யாரும் இணையத்தில் தேடலாம். 3,000 பேர் உள்ள தொகுப்பில் ஒருவரிடமும் இல்லை என்றால், 95 சதவீத நம்பிக்கையில் மேல் எல்லை 3,000இல் மூன்று, அதாவது ஆயிரத்தில் ஒருவர்.

அந்த ஆயிரத்தில் ஒருவரும் நம் கடற்கரையில் ஏமாற்றக்கூடிய எண்தான். தலைமுறை தலைமுறையாக ஒரே துறையில் குடியிருந்து, அடுத்தடுத்த ஊரிலேயே பெண் எடுத்த ஊர்களில் ஒரு தகப்பன் வழி தெரு முழுக்க இருக்கும். உலகத் தொகுப்பில் எப்போதோ ஒருமுறை வருவது அந்த ஒரு துறையில் பத்தில் ஒருவரிடம் இருக்கலாம். அறிக்கையைப் பார்த்ததும் எந்தத் தொகுப்போடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். வழக்கறிஞர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

1998இல் அமெரிக்காவில் நடந்தது இதற்கு நல்ல பாடம். முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு, அவரிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸிடம் பிள்ளை பிறந்ததா என்ற பழைய கேள்வி. ஜெஃபர்சனுக்கு ஆண் வாரிசு வழி இல்லை. அதனால் அவர் தந்தையின் உடன்பிறந்தவர் வழி வந்த ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் வழி வந்தவரோடு அது ஒத்துப்போனது. ஆனால் அதிபரா, அவருடைய தம்பியா, வேறு பங்காளியா என்று ஒய்யால் சொல்ல முடியவில்லை. மற்ற வரலாற்று ஆதாரங்களைச் சேர்த்துத்தான் பேசினார்கள்.

குற்ற வழக்கில்

பாலியல் வன்முறை வழக்கில் ஒய் சோதனைக்கு ஈடு இல்லை. பெண்ணின் உயிரணு ஆயிரக்கணக்கில் இருக்க, ஆணுடையது மிகக் கொஞ்சமே இருந்தாலும் ஒய் மார்க்கர் ஆணுடையதை மட்டும் தேடிப் பிடிக்கும். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு விந்தணு இல்லாத ஆணாக இருந்தாலும் பிடிக்கும். நாள் கழிந்து புகார் வந்தது என்பதற்காக மாதிரி எடுக்காமல் விடாதீர்கள், நாலைந்து நாள் கழித்தும் கிடைத்ததுண்டு. எத்தனை ஆண்கள் என்பதற்கும் ஒரு துப்பு கிடைக்கும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் தம்பியும் அதே வீட்டில் இருந்தால், ஒய் அறிக்கையை மட்டும் வைத்து ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

வேகமாக மாறும் மார்க்கர்கள் என்று இப்போது ஒரு தொகுதி வந்திருக்கிறது. அவை ஏறத்தாழ நான்கில் ஒரு தந்தை மகன் இணையைப் பிரித்துக் காட்டுகின்றன. பங்காளிகளுக்குள் பிரிக்க வேண்டிய வழக்கில் அதைக் கேட்டுப் பார்க்கலாம். பிரிக்காவிட்டால் பழைய நிலைதான்.

கடைசிப் படி: வீட்டில் சொல்வதும், சொல்ல முடியாதபோது செய்வதும்

முடிவை போனில் சொல்லாதீர்கள். நேரில் போய், மூத்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, மனைவியிடமோ அம்மாவிடமோ முதலில் சொல்லுங்கள். சோதனையில் எதிர்பாராத உறவுச் செய்தி ஏதாவது வெளிப்பட்டிருந்தால், அடையாளத்துக்கு அது தேவையில்லை என்றால், அதை எங்கும் பேச வேண்டாம்.

எந்தக் குடும்பத்தோடும் ஒத்துப்போகாத உடல்களும் இருக்கும். அவற்றின் எலும்பில் ஒரு துண்டையும் எண்களின் அட்டவணையையும் பத்திரப்படுத்திவிட்டு, உடலைத் தனிக்குழியில் அடக்கம் செய்து, குழியின் தலைமாட்டில் வழக்கு எண்ணைக் கல்லில் பொறித்து நட்டு வையுங்கள். பலகையில் எழுதினால் இரண்டு மழைக்காலத்தில் அழிந்துவிடும். இன்று மூன்று வயதில் இருக்கும் ஒரு மகன் இருபது வருடம் கழித்து வந்து கன்னத்தில் குச்சி வைக்கச் சொல்லி நிற்கலாம். அவனிடம் இருப்பதும் அதே ஒய்தான்.